சுவரில்லாத மழலையர் பள்ளி

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாள்தோறும் சொல்கிறோம். அவற்றில் வரும் 'கே', 'ஜி' என்னும் இரண்டெழுத்தும் ஒரே ஜெர்மன் சொல்லின் இரு பாதிகள். கிண்டர் என்றால் குழந்தைகள். கார்டன் என்றால் தோட்டம். பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் 1837ஆம் ஆண்டு சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிரடெரிக் ஃபுரோபெல், 1840இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். பதினைந்து வயதில் துரிங்கியாவில் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, இரண்டாண்டுகள் மரங்களோடு வாழ்ந்தவர் அவர். அவருடைய திட்டத்தில் தோட்டம் என்பது வெறும் உவமை இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே ஒரு பாத்தி உண்டு. விதைப்பது, நீர் ஊற்றுவது, களை பறிப்பது எல்லாம் அந்தக் குழந்தையின் பொறுப்பு. பிரஷ்ய அரசு இதில் நாத்திகமும் சமதர்மமும் மறைந்திருப்பதாக ஐயுற்று 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டே ஃபுரோபெல் இறந்தார். தடை நீங்க 1860 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்கு வயதுப் பிள்ளை மண்ணைக் கிளறுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பதை இன்று நினைத்தால் நகைப்பாக இருக்கிறது.

பெயர் உலகமெங்கும் பரவியது. தோட்டம் அந்த அளவுக்குப் பரவவில்லை. வண்ணம் பூசிய நான்கு சுவர்களும் வரிசைக் குறுநாற்காலிகளும் எழுத்துப் பயிற்சி ஏடுமே அந்தப் பெயருக்குப் பொருளாகிவிட்ட நாடுகள் பல. ஆனால், ஃபுரோபெலின் சொந்த நாட்டில் அந்தத் தோட்டம் இப்போது காடாக வளர்ந்து திரும்பியிருக்கிறது. ஜெர்மனியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'வன மழலையர் பள்ளிகள்' இயங்குகின்றன. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஆண்டு முழுவதும், மழையிலும் பனியிலும், காட்டிலேயே தம் காலைப் பொழுதைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பறை கிடையாது. கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளும் கிடையாது. மழலைக் கல்விக்காக ஓர் அரசும் ஒரு குடும்பமும் செலவிடும் பணம் உண்மையில் எதை வாங்குகிறது என்ற கேள்விக்கு, நானறிந்த வரையில் இந்தப் பள்ளிகள் தரும் விடை தெளிவானது. அந்த விடையை அங்கே மிக நன்றாகக் காட்டும் பருவம் இலையுதிர்காலம்.

இந்த ஏற்பாடு டென்மார்க்கிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனை அடுத்த பகுதியில் எல்லா ஃபிளாட்டாவ் என்னும் பெண்மணி, தம் பிள்ளைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அது பிடித்துப்போன பெற்றோர் சேர்ந்து அதை ஒரு 'நடக்கும் பள்ளி'யாக ஆக்கினர். ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் 1968இல் ஒரு முயற்சி நடந்தது. எனினும், அரசின் முறையான ஏற்பைப் பெற்று ஃபிளென்ஸ்பர்க் நகரில் வன மழலையர் பள்ளி அமைந்தது 1993இல்தான். கெர்ஸ்டின் யெப்சன், பெட்ரா யேகர் என்ற இரு கல்வியாளர்கள் டென்மார்க் பள்ளிகளைப் பற்றிப் படித்தறிந்து அதைத் தொடங்கினர். அதற்குப் பிறகு வளர்ச்சி வேகமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மழலையர் பள்ளியில் இடம் பெறும் சட்ட உரிமையை ஜெர்மனி 1996இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் இடத்துக்கு அலைந்தன. கட்டடம் வேண்டாத பள்ளி என்றால் எந்த மேயருக்குக் கசக்கும்?

நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. பொழுதுபோக்குக்காக எவரும் காட்டுக்குள் செல்லலாம் என்று 1975ஆம் ஆண்டின் வனச் சட்டம் சொல்கிறது. அங்கே நேரும் இயல்பான ஆபத்துகளுக்குச் செல்பவரே பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. மழலையர் பள்ளிக் குழந்தைகள் 1971 முதல் அரசுசார் விபத்துக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டனர். காடு, நுழையும் உரிமை, காப்பீடு ஆகிய இம்மூன்றும் முன்பே இருந்ததால்தான் வன மழலையர் பள்ளி ஒரு சிலரின் ஆர்வமாக நின்றுவிடாமல் ஓர் அமைப்பாக வளர முடிந்தது. கல்விச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தைப் பார்க்கிறார்களே தவிர, அதற்கடியில் கிடக்கும் இத்தகைய சட்டங்களைப் பார்ப்பதில்லை.

இனி, அக்டோபர் மாதத்தின் ஒரு காலைப் பொழுதைப் பார்ப்போம். எட்டு மணி அளவில் காட்டின் ஓரத்தில் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பதினைந்து முதல் இருபது குழந்தைகள். இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்கள். குழந்தைகளின் உடல்மீது அடுக்கடுக்காக ஆடை. அவற்றின்மேல் நீர் புகாத மழைக்கால்சட்டை. காலில் ரப்பர் பூட்ஸ். முதுகில் சிற்றுண்டியும் குடிநீரும் கொண்ட பை. கெட்ட வானிலை என்று எதுவும் இல்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்று வட ஐரோப்பாவில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஒதுங்குவதற்குச் சக்கரம் வைத்த ஒரு மரக் குடில் வண்டி நிற்கும். அதற்குள் ஓர் அடுப்பும் மாற்றுடைகளும் இருக்கும். ஆனால், அதற்குள் போவது கடுங்குளிரிலோ விடாத மழையிலோ மட்டும்தான். முதலில் எல்லோரும் வட்டமாக நின்று பாடுவார்கள். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு குழந்தை எண்ணிச் சொல்லும். பிறகு, இன்று எந்த இடத்துக்குப் போவது என்பதைப் பேசி முடிவு செய்துகொண்டு நடக்கத் தொடங்குவார்கள்.

அங்கே நடை மெதுவாகத்தான் இருக்கும். இலையுதிர்காலத்தில் இன்னும் மெதுவாகும். ஏனெனில், காலடியில் கிடப்பவை நேற்றுக் கிடந்தவை அல்ல. செப்டம்பர் இறுதியில் 12 மணி நேரமாக இருக்கும் பகல், நவம்பர் இறுதிக்குள் எட்டரை மணி நேரமாகச் சுருங்குகிறது. ஒளி குறையக் குறைய, மரங்கள் இலையின் பசுமைக்குக் காரணமான பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற சில மரங்களில் சிவப்பு புதிதாகவே உருவாகிறது. காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு மென்படலம் வளர்ந்து நீரோட்டத்தை அடைக்க, ஒரு காற்றுக்கு இலை கழன்றுவிடும். தன் கொடுக்கல் வாங்கலை முடித்துக் கணக்கை மூடும் வணிகரைப் போலத்தான் மரம் நடந்துகொள்கிறது.

இதையெல்லாம் நான்கு வயதுக் குழந்தைக்கு யாரும் விரிவுரையாகச் சொல்வதில்லை. குழந்தை இலைகளைப் பொறுக்கி, மஞ்சளிலிருந்து பழுப்பு வரை வரிசையாகத் தரையில் அடுக்குகிறது. இரண்டு நிறங்களுக்கு நடுவே இன்னொரு நிறம் வேண்டும் என்று அதற்குத் தோன்றுகிறது, தேடிப் போகிறது. பழைய இலைக் குவியலைக் கிளறினால், மேலே முழு இலை, அதன் கீழே நரம்பு மட்டும் எஞ்சிய வலை, அதற்கும் கீழே கறுத்த மண் என்று மூன்று அடுக்கு தெரியும். பீச், ஓக் மரங்களின் இலை முழுதாக மண்ணாவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே, அந்தக் கை கிளறும் ஒரு சாண் ஆழத்தில் அதன் வயதுக்கு நிகரான காலம் படிந்து கிடக்கிறது. மண்புழுவும் மரவட்டையும் ஆசிரியரின் துணையின்றியே பாடம் நடத்துகின்றன. முள்ளெலி குளிர்காலம் முழுவதும் உறங்குவதற்கு இலைக் குவியல் வேண்டும் என்று கேள்விப்பட்டதும், பிள்ளைகள் ஒரு புதரடியில் இலைகளைக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். அணில் உறங்குவதில்லை, அது சேமிக்கிறது. ஜே என்ற காக்கைக் குடும்பப் பறவை ஓக் விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளித்துவைக்கிறது. அது மறந்துபோன விதைகள் முளைத்து மரமாகின்றன. காட்டின் ஓக் மரங்களில் ஒரு பகுதி, ஒரு பறவையின் மறதியால் வந்தவை. பொருளியல் வகுப்பில் சேமிப்பையும் எதிர்கால நுகர்வையும் விளக்க நாங்கள் எழுதிய சமன்பாடுகளைவிட இந்தப் பறவை நல்ல எடுத்துக்காட்டு என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அந்தப் பருவத்தின் நாயகன் குதிரைச் செஸ்நட் என்னும் பளபளப்பான பழுப்பு விதை. மனிதர் உண்ண ஒவ்வாதது. ஆனால், கைக்கடக்கமாய், தேய்த்துவைத்த மேசைபோல மின்னும் அதைக் கண்ட எந்தப் பிள்ளையும் குனியாமல் போவதில்லை. முள் ஓட்டைப் பூட்ஸ் காலால் மிதித்து உடைப்பதே ஒரு விளையாட்டு. பிறகு எண்ணுதல், பங்கிடுதல், பெரியதும் சிறியதுமாகப் பிரித்தல். துளையிட்டுத் தீக்குச்சிகளைச் செருகினால் குதிரை, மான், மனிதன். பான் நகரில் ஹரிபோ மிட்டாய் நிறுவனத்தைத் தொடங்கிய ஹான்ஸ் ரீகல் 1936இல் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பிள்ளைகள் 10 கிலோ செஸ்நட் அல்லது 5 கிலோ ஓக் விதை கொண்டுவந்தால், 1 கிலோ மிட்டாய். சேர்ந்த விதைகள் குளிர்காலத்தில் காட்டு விலங்குகளுக்குத் தீவனமாகப் போய்ச் சேரும். ஓக் விதைக்கு மட்டும் ஏன் இரு மடங்கு விலை? சிறியது, ஒரு கிலோ சேர்க்க அதிக நேரம் குனிய வேண்டும். உழைப்பின் அளவு விலைக்குள் நுழைவதை ஐந்து வயதுப் பிள்ளை முதுகு வலியாலேயே அறிந்துகொள்கிறது.

விளையாட்டுப் பொருள் இல்லாதது குறையாகத் தோன்றலாம். பொம்மைக் கார் காராகத்தான் இருக்க முடியும். காய்ந்த ஒரு கிளையோ இன்று தூண்டில், நாளை குதிரை, மறுநாள் கடைக்காரரின் தராசு. இரு குழந்தைகள் சேர்ந்து ஆட வேண்டுமானால், இது என்ன என்பதில் முதலில் உடன்பாடு வேண்டும். உடன்பாட்டுக்குப் பேச்சு வேண்டும். 'இது படகு' என்று ஒருவன் சொல்ல, 'படகுக்குத் துடுப்பு எங்கே' என்று மற்றவள் கேட்க, மொழி வளர்கிறது. சாய்ந்து கிடக்கும் அடிமரம் ஒன்றைத் தூக்க நான்கு பேர் வேண்டும் என்பதும், நான்கு பேரைச் சேர்க்க அதட்டல் உதவாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நவம்பர் 11 அன்று புனித மார்ட்டின் திருநாள். கையில் விளக்கேந்திப் பிள்ளைகள் அந்தி நேரத்தில் ஊர்வலம் போவது ஜெர்மானிய வழக்கம். கண்ணாடிச் சீசாவின் மேல் காய்ந்த இலைகளை ஒட்டி, உள்ளே மெழுகுவத்தி வைத்துத் தம் விளக்கைத் தாமே செய்துகொள்ளும் வேலை அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி பாதுகாப்பைப் பற்றியதாகவே இருக்கும். அது நியாயமான கேள்வி. இலையுதிர்காலக் காட்டில் உண்மையான ஆபத்துகள் உண்டு. ஓக், பீச் மரங்களின் அடியில் முளைக்கும் ஒரு வகைக் காளான் பெரியவரையே கொல்லும் நஞ்சுடையது. நரியின் எச்சத்திலிருந்து பழங்களில் ஒட்டக்கூடிய நாடாப்புழு முட்டைகள் பற்றிய அச்சமும் உண்டு. உண்ணி கடித்தால் நோய் வரலாம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து புயற்காற்று. கிளை முறிந்து விழும். ஆகவே விதிகள் சில. ஆனால் அவை கடுமையானவை. காட்டில் கிடைக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. உண்பதற்கு முன் கை கழுவ வேண்டும். ஆசிரியர் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போகக் கூடாது. பாதையில் குறித்துவைத்த மரத்தருகே முன்னே ஓடியவர் நின்று பின்னே வருபவருக்காகக் காத்திருக்க வேண்டும். கத்தியால் குச்சி சீவும்போது உட்கார்ந்துதான் சீவ வேண்டும்; அருகிலிருப்பவருக்கு ஒரு கை தொலைவு விட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் காட்டுக்குள் நுழைவதே இல்லை. அன்று ஊரில் முன்பே ஏற்பாடு செய்துவைத்த ஓர் அறைக்குப் போய்விடுவார்கள். கத்தி என்றதும் திடுக்கிட வேண்டாம். உண்மையான கத்தி, உண்மையான சிறு ரம்பம்தான். ஓரிரு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் அருகிலிருக்கத்தான் அந்த வேலை நடக்கும்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், ஆபத்து கலந்த விளையாட்டை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான சூழல், கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து திரிதல். நம் கிராமத்துப் பிள்ளைகளின் ஒரு நாளைய விளையாட்டைப் பட்டியலிட்டது போலவே இது இருக்கிறது. குழந்தை தானாகவே இவற்றை நாடுவதற்குக் காரணம் உண்டு என்பது அவர் வாதம். சிறு அளவில் அச்சத்தைச் சந்தித்துப் பழகும்போதுதான் அச்சம் வடிகிறது. அந்த வாய்ப்பை முற்றிலும் பறித்தால் அச்சம் வளர்ந்துவிடக்கூடும். ஈரமான அடிமரத்தின்மேல் நடக்கும் குழந்தை, வழுக்கும் என்பதை முதலில் காலால் உணர்கிறது. பிறகு கண்ணால் பார்த்தே கணிக்கக் கற்கிறது. அக்டோபர் மழையில் நனைந்த பாசியும் ஆகஸ்ட் வெயிலில் காய்ந்த பாசியும் ஒன்றல்ல என்பது, பருவந்தோறும் அதே மரத்துக்குத் திரும்பி வந்தால்தான் தெரியும். ஒரு நாள் சுற்றுலாவாகக் காட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை சான்றுகள் வலுவானவை. பின்லாந்தின் சில பகல்நேரக் காப்பகங்களில் முற்றத்தின் சரளைக்கற்களை மாற்றி, காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் அதில் நாள்தோறும் விளையாடினர். 28 நாட்களில் அவர்களுடைய தோலிலுள்ள நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பு ஆற்றலை நெறிப்படுத்தும் கூறுகள் இரத்தத்தில் மேம்பட்டன. அந்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் மூன்றாண்டுகள் நடந்த சோதனை 2015இல் வெளிவந்தது. நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் கழித்த பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் அது 39.5 விழுக்காடு. மேகமூட்டமான நாளில்கூட வெளியிலுள்ள ஒளி வகுப்பறை விளக்கைவிடப் பன்மடங்கு. ஒன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி அணியும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கல்விப் பயன் பற்றிய சான்றில் எச்சரிக்கை தேவை. பீட்டர் ஹேஃப்னர் 2002இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், வன மழலையர் பள்ளியிலிருந்து வந்த முதல் வகுப்புப் பிள்ளைகளையும் மற்றவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். வகுப்பில் பங்கேற்பு, ஆர்வம், பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் காட்டுப் பிள்ளைகள் நல்ல மதிப்பீடு பெற்றனர். ஆனால், காட்டுப் பள்ளியைத் தேடிப் போகும் பெற்றோர் யார்? படித்தவர்கள், நேரமுள்ளவர்கள், பிள்ளையின் சேறு படிந்த உடையைக் கண்டு சலிக்காதவர்கள். நன்மை காட்டிலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று இத்தகைய ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. காட்டை விரும்புகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடானதில்லை.

ஆகவே, குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய சோதனைகளையே நாட வேண்டியிருக்கிறது. அவை காட்டில் நடந்தவை அல்ல. ஆனாலும் நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுபவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளித் திட்டத்தில் 123 ஏழைக் குழந்தைகள் இடம்பெற்றனர். 58 பேர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். 65 பேர் சேர்க்கப்படவில்லை. சேர்ந்தவர்களின் நுண்ணறிவு எண் முதலில் உயர்ந்தது. சில ஆண்டுகளில் அந்த உயர்வு கரைந்தது. திட்டம் தோற்றது என்றே பலர் எண்ணினர். ஆனால், நாற்பது வயதில் பார்த்தபோது பள்ளியில் சேர்ந்தவர்களின் வருவாய் கூடுதலாக இருந்தது, அவர்கள் கைதானது குறைவாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவினரும், அத்திட்டத்தில் இட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை பலன் தந்ததாகக் கணக்கிட்டனர். நுண்ணறிவு எண் உயராமலே இந்தப் பலன் எங்கிருந்து வந்தது? தன்னடக்கம், விடாமுயற்சி, பிறரோடு ஒத்துப்போதல் போன்ற பண்புகளிலிருந்து வந்தது என்பதே அவர்களின் விடை. அந்தப் பள்ளியில் குழந்தைகள் தாங்களே ஒரு வேலையைத் திட்டமிட்டு, செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவம் டென்னஸி மாநிலத்தில் கிடைத்தது. அரசின் மழலையர் வகுப்புகளில் இடத்துக்கு விண்ணப்பித்த 2,990 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. ஆறாம் வகுப்பில் பார்த்தபோது, இடம் கிடைத்துப் படித்தவர்கள் இடம் கிடைக்காதவர்களைவிடத் தேர்விலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தனர். தொடக்கத்தில் எழுத்தறிவில் முந்தியிருந்தவர்கள்தாம் அவர்கள். ஏன் இப்படி என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆசிரியர் சொல்ல எல்லோரும் கேட்டு உட்கார்ந்திருந்த நேரம் மிகுதி என்பதை அந்த ஆய்வாளர்களே ஒரு காரணமாக எண்ணுகின்றனர். என் மதிப்பீடும் அதுவே. நான்கு வயதில் எழுத்தை முந்திக் கற்பது விரைவில் தேய்ந்துபோகும் சொத்து. காத்திருக்கவும், கேட்டுப் பெறவும், விழுந்து எழவும் கற்றுக்கொள்வது தேய்வதில்லை. அக்டோபர் காட்டில் இருபது குழந்தைகள் குறித்த மரத்தடியில் நின்று பின்னே வருபவனுக்காகக் காத்திருக்கிறார்களே, அந்த நேரத்தில்தான் முதலீடு நடக்கிறது.

காட்டைப் பார்த்துக் கற்பிக்கும் எண்ணம் தமிழ் மண்ணுக்கும் அந்நியமில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போரினால் இந்தியாவை விட்டுப் போக முடியாமல், 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கினார். மலைச்சரிவில் பிள்ளைகள் செடியையும் பூச்சியையும் நேரில் கண்டு பயின்ற அந்த ஆண்டுகளில்தான், உலகை ஒன்றோடொன்று பிணைந்த ஒரே அமைப்பாகக் கற்பிக்கும் அவருடைய முறை உருப்பெற்றது. இன்று மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை நம் தெருக்களில் ஏராளம். கோடைக்கானல் அவற்றுள் எத்தனையில் எஞ்சியிருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுப்பாட ஏட்டில் தெரியும் எழுத்தைக் காட்டிப் பள்ளி கட்டணத்தை நியாயப்படுத்த முடிகிறது. காத்திருக்கக் கற்றதை எந்த ஏட்டிலும் காட்ட முடியாது. அளக்க முடிந்ததற்கே விலை தருவது சந்தையின் இயல்பு.

இனி, செலவு. கட்டடம் இல்லை என்பதால் வன மழலையர் பள்ளி மலிவானது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. சுவர் செய்யும் வேலையை அங்கே மனிதர் செய்ய வேண்டும். இருபது குழந்தைகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், ஒரே ஆசிரியர் ஓரளவு சமாளித்துவிடலாம். காட்டில் முடியாது. ஒரு குழந்தை முள்ளில் மாட்டிக்கொண்டால் ஒருவர் அங்கே போக வேண்டும்; இன்னொருவர் மற்றப் பத்தொன்பது பேரோடு நிற்க வேண்டும். ஆகவே, இரண்டு பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்பது குறைந்த அளவு. கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியர் ஆண்டுதோறும் தொடரும் செலவு. அரசுகளுக்கு முதல் வகையே எப்போதும் பிடிக்கும். திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். தமிழ்நாட்டில் 2019இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டபோது எழுந்த பெரிய சிக்கலும் அறையைப் பற்றியது அன்று. யார் கற்பிப்பது என்பதுதான். அங்கன்வாடியில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உணவு, எடை, தடுப்பூசி, பதிவேடு அனைத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். வேப்பமரத்தடி இல்லாத ஊர் நம்மிடம் அரிது. அந்த மரத்தடியில் பிள்ளைகளோடு நிற்க இன்னொரு ஆள்தான் இல்லை.

ஜெர்மனியிலும் இந்தக் கணக்கு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. வன மழலையர் பள்ளிகள் பலவற்றைப் பெற்றோர் சேர்ந்து அமைத்த சங்கங்கள் நடத்துகின்றன. பெரும்பாலும் அவை நண்பகலோ ஒரு மணியோ ஆனதும் முடிந்துவிடும். ஒரு மணிக்குப் பிள்ளையை அழைத்துப்போக வீட்டில் யாராவது ஓய்வாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தாய். ஆலையில் முழுநாள் வேலை பார்ப்பவருக்கும், தனியே பிள்ளையை வளர்ப்பவருக்கும் இந்தப் பள்ளி எட்டாது. தரமான மழையாடையும் பூட்ஸும் விலை குறைந்தவை அல்ல. வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதிதாக வேண்டும். காடு எல்லோருக்கும் இலவசம் என்று சட்டம் சொன்னாலும், காலைப் பொழுது முழுவதும் காட்டிலிருக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வந்துசேர்வதில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகளை அங்கே கையாளுகிறார்கள். ஒன்று, வழக்கமான நகராட்சி மழலையர் பள்ளியோடு ஒரு வனக் குழுவை இணைப்பது. பிள்ளைகள் காலையில் காட்டிலும், பிற்பகலில் கட்டடத்திலும் இருப்பார்கள். மாலை வரை பள்ளி திறந்திருப்பதால் வேலைக்குப் போகும் பெற்றோரும் சேர்க்கலாம். மற்றொன்று, 'வன வாரம்'. எல்லாப் பிள்ளைகளும் சுழற்சி முறையில் ஆண்டில் ஓரிரு வாரம் முழுதாகக் காட்டுக்குப் போவார்கள். மழையாடையைப் பள்ளியே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. முதல் வழிக்கு ஒவ்வொரு குழுவுக்கும் கூடுதலாக ஓர் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் வேண்டும். இரண்டாவது வழிக்கு அது வேண்டாம். நகராட்சிகள் இரண்டாவதை எளிதில் ஏற்கின்றன. முதலாவதற்கு நிதிக் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் வாதாட வேண்டியிருக்கிறது.